கற்பூரம் அடித்த சத்தியமும் சுனிலின் ஆட்டோவும்

அம்மனை நம்புகிற என் சனங்களே, அலங்கரித்துச் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஓப்பநாயக்க ஊருக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். மரத்தில் குளவிக்கூடு இருக்கிறது என்று ஒரு மாதமாகச் சொன்னோம். தோட்ட நிர்வாகத்திலிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை. கொழுந்து குறைந்தால் மட்டும் எல்லோரும் வருவார்கள். அன்று பருந்து அடித்துக் கூடு கலைந்தது. எல்லோரும் ஓடினோம். என் மருமகள் செல்வி செடிக்குள் கால் சிக்கி விழுந்தாள்.

இடுப்பில் கட்டியிருந்த கனத்த படங்குத் துணியை அவிழ்த்து அவள் மேல் போர்த்தினோம். குளவிகள் அடங்கியதும் அதே படங்கில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். அதற்குள் அவள் முகம் வீங்கிக் கண்கள் மூடிவிட்டன. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கொழுந்து லொறி பேக்டரிக்குப் போய்விட்டது. வேறு வண்டி இல்லை.

நான் கைகூப்பவில்லை. கோயில் இருக்கும் பக்கம் பார்த்துக் கத்தினேன். "அம்மா, இவ ரெண்டு புள்ளைக்குத் தாய். நீ இருக்கிறது நெசம்னா இப்பவே ஒரு வண்டிய அனுப்பு. இல்லாட்டி இனி ஒனக்கு வெளக்கு வைக்க மாட்டேன்."

வளைவில் ஒரு ஆட்டோ திரும்பியது. சுனிலின் ஆட்டோ.

சுனில் கீழ்க் கிராமத்துச் சிங்களவன். முந்தின திருவிழாவில் தேர் வரும் பாதையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, எடுக்க மாட்டேன் என்று நின்றவன். அன்றே கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்திருந்தேன். என் வீட்டு ஆள் ஒருவரும் சாகும்வரை அவன் வண்டியில் ஏற மாட்டோம் என்று. அதை மீறினால் அம்மன் எங்கள் வீட்டில் ஒரு உயிரை எடுப்பாள் என்பது எங்கள் பயம்.

ஏற்றினாலும் சாவு, ஏற்றாவிட்டாலும் சாவு. நான் அசையாமல் நின்றேன்.

கூட வேலை செய்யும் மாரியாயி என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "என்னாக்கா பாத்துக்கிட்டு நிக்கிற? ஒன் சத்தியத்த காப்பாத்தி மருமகளுக்குப் பாடை கட்டப் போறியா?"

சுனில் இறங்கி ஓடி வந்தான். "நகின்ன அக்கே, ஏறு ஏறு. சண்ட பொறகு போடுவம்."

"அம்மா, நான் செஞ்ச சத்தியம். தண்டனய எனக்குக் குடு. இவள விட்டுடு." இதைச் சொல்லிக்கொண்டேதான் செல்வியை ஏற்றினேன். வழி முழுக்க அதையே சொன்னேன். சுனில் கையை ஹோர்னிலிருந்து எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மத்தியானம்தான் மூச்சு சீரானது. செல்வி கண்ணைத் திறக்க முடியாமல் கேட்டாள். "மாமி, நம்ம யாரு வண்டில வந்தோம்?"

"அம்மன் அனுப்புன வண்டில" என்றேன்.

வீடு வந்ததும் கோயிலுக்குப் போய் அம்மன் காலில் விழுந்தேன். சத்தியத்தை மீறியதற்கு அல்ல. அப்படி ஒரு சத்தியத்தை அவள் பெயரில் செய்ததற்கு. தண்டனைக்குக் காத்திருந்தேன். இன்றுவரை வரவில்லை. செல்வி மறுபடி கொழுந்து பறிக்க மலைக்கு ஏறுகிறாள்.

என் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இந்த வருடத் திருவிழாவிலும் சுனில் ஆட்டோவைப் பாதையில்தான் நிறுத்தியிருந்தான். வாய் நிறைய ஏசினேன். சிரித்துக்கொண்டே தள்ளி நிறுத்திவிட்டு வந்து நெற்றியைக் காட்டினான். நான்தான் திருநீறு பூசிவிட்டேன். இனியும் ஏசுவேன், ஆனால் அம்மனைச் சாட்சி வைத்து ஒருவரையும் இனி ஒதுக்க மாட்டேன்.

நீங்களும் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், அவள் தருவாள். யார் கையில் கொடுத்தனுப்புகிறாள் என்று பார்த்துக்கொண்டு மட்டும் நிற்காதீர்கள். நான் இன்னும் கொஞ்ச நேரம் அப்படி நின்றிருந்தால் செல்வி செத்துப் போயிருப்பாள்.