சாம்பிராணிப் புகை போன வழி

தவமணி அண்ணன் காலமான செய்தி வந்தபோது, அவர் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டித் தந்த கம்ப்யூட்டரின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். முதலாளி காசி அண்ணன் போனில் சொன்னார். "செல்வி, தவமணி போயிட்டான்மா. நெஞ்சுவலி. கடையச் சாத்திட்டுத் திருமங்கலத்துக்கு வந்துரு."

எனக்கு அழுகை வரவில்லை. இனிமேல் யாரிடம் போய் நியாயம் கேட்பது என்று ஆத்திரம்தான் வந்தது. எங்கள் போட்டோ, வீடியோ தொழிலாளர் சங்கத்தின் மலருக்கு அவரைப் பற்றி "நல்லதா நாலு வார்த்தை" எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இருப்பதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வில்லாபுரத்தில் எங்களுடையது கல்யாண ஆல்பக் கடை. நான் ஆல்பம் வடிவமைப்பவள். அவர் வீடியோ எடிட்டிங் பார்த்தார். கடைக்கு வேண்டிய கம்ப்யூட்டர்களைப் பூட்டுவதும் அவரே. தாலி கட்டும் நேரத்தில் மேளச் சத்தத்தோடு காட்சியைச் சேர்ப்பதில் அவருக்கு இணை கிடையாது. மற்றபடி, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்.

என் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஃபேன் தேர்ந்தெடுத்தபோதே சண்டை தொடங்கிவிட்டது. கலர் கலராக மின்னும் ஃபேன்களாகப் பார்த்து வாங்கி வந்தார். முன்னால், மேலே, பின்னால் என்று மாட்டி, அத்தனையும் காற்றை வெளியே தள்ளும்படி வைத்தார்.

"அண்ணே, எல்லாம் வெளியவே தள்ளுனா உள்ள காத்து எங்கிட்டு இருந்து வரும்? சந்துபொந்து வழியா இழுக்கும். அங்க வலை கிடையாது, தூசும் சேந்து வரும். முன்னாடி வலை போட்டுப் பெரிய ஃபேன் ரெண்டு உள்ள இழுக்கட்டும், பின்னாடி ஒண்ணு தள்ளட்டும். மெதுவாச் சுத்துனாலே போதும்" என்றேன்.

"மண்டபத்து அடுப்படியில ஃபேன உள்ள பாத்தா மாட்டுவான்? சூட்டை வெளிய தள்ளணும் தாயி. நீ பொண்ணு கன்னத்துக்குக் கலர் பூசுறதோட நில்லு."

வாசலில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. முகூர்த்த மாதம். ஒரு ஆல்பம் அச்சுக்குப் போக வேண்டிய நேரத்தில் என் கம்ப்யூட்டர் சூடேறித் தானாக அணைந்தது. போட்டால் மறுபடி அணைந்தது. பெண் வீட்டார் கடையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். தவமணி அண்ணன் பெட்டியைத் திறந்து, உள்ளே பஞ்சு போல் அடைந்திருந்த தூசை விரலால் வழித்து, எல்லாரும் பார்க்க மூக்கருகே கொண்டுபோனார்.

"மொதலாளி, பவுடர் வாசம்ல வருது! இந்தப் புள்ள பூசிட்டு வர்ற பவுடர் அம்புட்டும் இதுக்குள்ளதான் கெடக்கு."

கடையே சிரித்தது. காசி அண்ணனும் சிரித்துவிட்டு, "கொஞ்சம் கம்மியாப் பூசிட்டு வாம்மா" என்றார். அன்றிலிருந்து நான் பவுடர் புள்ள. அச்சுக்கூடத்திலும், மண்டபங்களிலும், டீக்கடையிலும் அதே பெயர். தன் வேலையின் குறையை மறைக்க என் முகத்தைக் காட்டிய அந்த மனிதரை நான் மன்னிக்கவே இல்லை. நான் பவுடரை நிறுத்தினேன். தூசு நிற்கவில்லை. அது பவுடர் இல்லை என்று அதே கடையில், அதே ஆட்கள் முன்னால் அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சாம்பிராணி காட்டுவது எங்கள் கடை வழக்கம். என்னுடையதில் வேலை ஓடிக்கொண்டிருந்ததால் அணைக்கவில்லை. தூபக்காலைப் பக்கத்தில் கொண்டுபோனதும் புகை வளைந்து, பெட்டியின் ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் உள்ளே ஓடியது. பின்னால் மூடியில்லாத ஓட்டையில் எலி வளைக்குள் போவது போல் போயிற்று. முன்பக்கம் குபுகுபுவென்று வெளியே வந்தது.

"அண்ணே, நல்லாப் பாத்துக்கங்க. இதுல எந்த ஓட்டையில நான் பவுடர் கொட்டுனேன்?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மணியை எடுத்துக்கொண்டார். "சாமி கும்புடுற நேரத்துல என்னா பேச்சு?" என்று கை வலிக்க ஆட்டினார்.

பூஜை முடிந்து கடை திறந்ததும் நானே முன் ஃபேன்களைத் திருப்பி மாட்டி வலை போட்டேன். பிறகு என் கம்ப்யூட்டர் அணையவில்லை. வாரம் ஒருமுறை வலையைத் தட்டி மாட்டினால் போதும். அவர் மட்டும் கடைசிவரை, "என்னா பவுடரு, சாப்ட்டியா?" என்றுதான் கேட்டார்.

திருமங்கலம் வீட்டில் அவரை ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். மதினியை அன்றுதான் முதலில் பார்த்தேன். பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பவுடர் புள்ளயா நீயி? ஒன்னயப் பத்திச் சொல்லுவாரும்மா. அந்தா, வீட்டுக் கம்ப்யூட்டருல ஃபேனையெல்லாம் ஒக்காந்து திருப்பி மாட்டுனாரு. 'அந்தப் புள்ள சொன்னதுதான் சரி. அதுகிட்டச் சொல்லிராத, ஏறி மிதிச்சுப்புடும்'னு சிரிச்சாரு."

மூலையில் அது இருந்தது. முன்னால் வலை, பின்னால் ஒரே ஒரு ஃபேன். நான் சொன்னபடியே. எனக்குப் பற்றி எரிந்தது. தெரிந்தேதான் அத்தனை நாளும் பவுடரு என்று கூப்பிட்டிருக்கிறார்!

அப்போது யாரோ, "பெட்டியில கூலிங் பத்தல, ஒடம்பு தாங்காது" என்றார்கள். பார்த்தேன். பெட்டியின் மோட்டார் சூட்டுக் காற்றை வெளியே தள்ளும் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். காற்று இழுக்கும் கம்பி வலைமேல் மாலைகள் குவிந்திருந்தன. ஊதுபத்திப் புகை அந்த மாலைகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

"பெட்டிய முன்னுக்கு இழுங்கண்ணே. மாலைய எடுங்க" என்றேன். இழுத்தார்கள். கைக்குட்டையால் வலையைத் துடைத்தேன். தூசு கெட்டியாக வந்தது. பெட்டியின் இரைச்சல் தணிந்தது.

கைக்குட்டையை விரித்து, அவர் முகத்துக்கு நேராகக் கண்ணாடிமேல் பிடித்தேன். "பாருங்கண்ணே. இதுவும் என் பவுடருதானா?"

சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. காசி அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். குளிரக் குளிரப் போய்ச் சேருங்கள், அண்ணே.