நிரோஷா அக்காவின் இரண்டு கணினிகள்

நிரோஷா அக்காவைத் தெரிந்தவர்களே, நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை பள்ளியில் மூன்றாம் பாடத்தின்போது செய்தி வந்தது. டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்த அக்கா காலையில் இறந்துவிட்டார். நான் கரும்பலகையில் இருந்ததைத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

போரில் இடம்பெயர்ந்து, இந்திய முகாம்களிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் பத்திரங்களை அக்கா படமெடுத்துக் கணினியில் சேர்த்தார். பள்ளி விட்டதும் நான் உதவிக்குப் போவேன். எங்கள் ஊரான கீரியின் நூலகத்தில் ஒரு கணினி, முசலி என்ற ஊரில் இன்னொன்று. ஒன்றில் பதிவது மற்றதிலும் உடனே பதியும்.

"அப்ப ஒண்டு போனாலும் பயமில்லைத்தானே?" என்று கேட்டேன்.

"பிழையையும் அப்பிடியே கொப்பியடிக்குமடி, வகுப்பில உன்ர பக்கத்துக் கதிரையில இருக்கிறவள் மாதிரி."

அதனால்தான் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து அலுமாரியில் பூட்டுவார்.

மின்னல் அடித்துக் கீரிக் கணினி கெட்ட அன்று, அக்கா முதலில் முசலியோடு இணைக்கும் வயரைக் கழற்றி என் கையில் தந்தார். "டிஸ்கில இருக்கிறது பழசு. வயர் கொளுவிக் கிடந்தா, பழசு போய் முசலியில இருக்கிற புதுசை அழிச்சிடும். பிடிச்சுக்கொண்டு நில்." வேலை முடிந்த பிறகும் நின்றேன். "இன்னும் விடேல்லையோ? சாப்பிடவும் கொண்டு போவாய் போல" என்று சிரித்தார்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அதே கணினி மறுபடியும் நின்றது. அலுமாரிப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. அவர் வரும்போது எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்ற அவசரத்தில் டிஸ்க்கில் இருந்ததை ஏற்றினேன். வயரைக் கழற்றவில்லை. அக்கா கடைசி மூன்று கிழமையாகச் சேர்த்தவை இரண்டு இடத்திலும் அழிந்தன. முசலி மஜீத் நானாவின் காணி உறுதிப் பத்திரமும் அதில் ஒன்று. கறையான் அரித்த அந்தத் தாள், படமெடுத்த அன்றே அவர் கையில் பொடிந்துபோனது.

அன்று பின்னேரம் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஃபோன் எடுத்தார். குரல் மிகவும் மெலிந்திருந்தது.

"வயரைக் கழட்டினனியோ?"

"ஓம் அக்கா."

"கெட்டிக்காரி. இனி நான் யோசிக்காமல் படுக்கலாம்."

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

நேற்று நூலகத்தில் அஞ்சலிக் கூட்டம் முடிந்ததும் மஜீத் நானா என்னிடம் வந்தார். "தங்கச்சி, அரசாங்கக் கச்சேரியில காணி உறுதியைக் கேக்கிறாங்க. அந்தப் பிள்ளை பத்திரமா வச்சிருக்கிறன் எண்டு சொன்னா. எடுத்துத் தாங்களன்."

நான் செய்ததைச் சொன்னேன். அவர் ஏசவில்லை.

"வேற எங்கயாச்சும் இருக்குமா?"

"இல்லை நானா."

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, கெட்டிக்காரி என்ற அந்தச் சொல் மட்டும்தான். அதைத் திருப்பிக் கொடுக்க இனி ஆளில்லை.

நூலகர் நேரமாகிவிட்டது என்றார். மஜீத் நானா கணினியைப் பார்த்தபடி கதிரையிலேயே இருந்தார். நூலகர் சற்றுப் பொறுத்துவிட்டு விளக்குகளை அணைத்தார்.