ரெனீஷின் இடது காது

குவைத்தின் மங்காஃபில் ஒரு காது-மூக்கு-தொண்டை கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் சுகிர்தராணி, ரெனீஷ் என்ற பெயரை முதலில் கேட்டது இரண்டாயிரத்து மூன்றில், போனில். லிஜிதான் சொன்னாள். லிஜி யாரென்றால், சுகிர்தராணியின் அம்மாவுடைய அத்தை மகனுக்கு மகள், முறைக்குத் தங்கை.

"எக்கா, எனக்க மூத்தவன் ரெனீஷ் துபாய்க்கு வந்திருக்கான். ஸ்பீக்கர் தூக்குற வேல. ஒரு கண்ணு வச்சுக்கிடுங்க."

குவைத்தில் இருந்துகொண்டு துபாயில் இருப்பவன்மேல் எப்படிக் கண் வைப்பது? பண்டிகைக்குப் பண்டிகை போன் செய்தாள், அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் தூக்கியவன் இரண்டே வருஷத்தில் டிஜே ஆனான். வாரம் முழுக்க துபாயின் அல் கூஸ் பகுதியில் கம்பெனி டூட்டி. லீவு நாளில் அங்கேயே கௌஸ் முகைதீன் பாயின் குடோனில் டெக்னோ. வரியே கிடையாது, தாளம்தான். சொந்தமாகவும் தாளங்கள் செய்தான். வெள்ளைக்காரர்கள் தேடி வந்து ஆடினார்கள். ஒன்றை லிஜிக்கு அனுப்பினான். அவள் பத்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாட்டு எப்பம்ல வரும்?" என்றாளாம். அதோடு சொந்தத்தில் யாருக்கும் அனுப்புவதை விட்டான். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. இருபது வருஷத்தில் உறவுக்காரர் ஒருவர்கூட அந்தக் குடோனை மிதித்ததில்லை.

போன வருஷம் அவனே கூப்பிட்டான். "இருபது வருஷம் ஆச்சுன்னு பெரிய புரோகிராம் வச்சிருக்கு பெரியம்மா. நீங்க வரணும்."

போனாள். ஏர்போர்ட்டில் அவனுடைய இடப்பக்கம் நடந்தபடி மூன்று தரம் கூப்பிட்டாள். திரும்பவில்லை. வலப்பக்கம் போய்க் கூப்பிட்டதும் சிரித்தான். காது டாக்டரின் பக்கத்தில் இருபத்தாறு வருஷம் நின்றவளுக்கு வேறென்ன சொல்ல வேண்டும்?

"இதுக்குத்தான் கூப்பிட்டியாக்கும். நான் புதுச் சேலைல்லாம் எடுத்துட்டு வந்தேன்."

"ரெண்டுக்குந்தான் பெரியம்மா. வேற யாருட்ட கேப்பேன்?"

அவனுடைய ரூமில் உட்காரவைத்து, வலது காதை அடைத்து, பின்னால் நின்று ஒன்று, இரண்டு என்று மெல்லச் சொன்னாள். பத்து வரைக்கும் சொல்லி முடித்த பிறகு அவன், "சொல்லுங்க பெரியம்மா" என்றான்.

கையை எடுத்தாள்.

"ஓடுற பாட்டுக்கு ஒரு காது, அடுத்து விடுற பாட்டுக்கு ஒரு காது. ரெண்டும் இல்லாம இந்த வேல ஓடாது. மருந்து போட்டா வருமா?"

ஏதாவது சொல்லித் தேற்றியிருக்கலாம். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "வராது மக்களே. இன்னும் சத்தத்துல நின்னா மத்ததும் போவும்."

அவன் எழுந்து டீ போட்டான்.

மறுநாள் சாயங்காலம் புதுச் சேலையில், காதில் பஞ்சோடு, குடோன் மூலையில் உட்கார்ந்திருந்தாள். லேப்டாப் திரையில் ஓடுகிற தாளக் கோடுகளைப் பார்த்துப் பார்த்தே அவன் பாட்டுகளைச் சேர்த்தான். ஒரு இடத்தில் இரண்டு தாளமும் முட்டிக்கொண்டன. அவளுக்கே தெரிந்தது. ஆடியவர்கள் நிற்கவில்லை. அவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

முடிந்ததும் கௌஸ் முகைதீன் தோளில் தட்டினார். "அடுத்த மாசம் தேதி போடவா?"

"வேண்டாம் பாய். கலாஸ்."

"கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வா."

"இல்ல பாய், முடிஞ்சுது."

சுகிர்தராணி அவனுடைய வலப்பக்கமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவனுடைய காது விஷயத்தை லிஜியிடம் இன்றுவரை அவள் சொல்லவில்லை.

ரெனீஷ் இப்போதும் அல் கூஸில்தான் இருக்கிறான். அதே கம்பெனியில் ஸ்டோர் டூட்டி. கம்பெனி கொடுத்த ரூமில் தனியாகத் தங்கியிருக்கிறான்.