ஒரு ‘ன்னு’வை வெட்டியவள்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கத்திரி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும். விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டுவது அவள் வேலை. ஷாம்பு, சிமென்ட், இன்சூரன்ஸ் என்று எது வந்தாலும் முப்பது வினாடிக்குள் அடக்கிவிடுவாள். தேர்தல் வந்தால் மட்டும் வேலையின் குணம் மாறும். மேடையில் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினால், கண் பாதி சொருகி, வாய் கோணி, பார்க்கச் சகிக்காத ஒரு கணம் அதில் எங்கேயாவது இருக்கும். அதைப் பிடித்து நிறுத்தி, நிறத்தை உறிஞ்சிவிட்டு, பின்னால் ஓர் உறுமலைச் சேர்த்தால் போதும். தங்கமான மனிதர்கூடக் கொள்ளைக்காரராகத் தெரிவார்.

“உங்க கல்யாண வீடியோவ மட்டும் இவ கையில குடுத்துடாதீங்க” என்று அவள் கணவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவான். வீட்டில் அவளைப் போல இளகிய மனசுக்காரி கிடையாது. தொலைக்காட்சியில் யாராவது அழுதால் இவளும் அழுவாள்.

அந்தத் தேர்தலில் அவர்கள் நிறுவனம் ஒரு டாக்டரம்மாவுக்கு வேலை செய்தது. எதிரே நின்றவர் பதவியில் இருந்த மேயர். வாரக்கணக்கில் காலையிலிருந்து மாலை வரை இரண்டு திரையிலும் மேயரின் முகம்தான். அவர் மனைவிகூட அவரை அவ்வளவு நேரம் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார். மேயர் ஜோக் அடிப்பதற்கு முன்னால் பேன்ட்டை ஒரு முறை மேலே இழுத்துவிடுவார். கேள்வி இடக்காக இருந்தால் தண்ணீர் குடிப்பார். ஒரு கூட்டத்தில் கண்ணாடியைப் பூங்கொத்துக்குள் தவறவிட்டுவிட்டு, பேச்சை நிறுத்தாமலே துழாவிக்கொண்டிருந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கத்திரி தனியாகச் சிரிப்பதைப் பார்த்து பக்கத்து மேஜைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அவள் மாமனாரோ மேயரின் பரம ரசிகர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கடைசி நிறுத்தத்தில் டிரைவர், கண்டக்டர்களுக்கென்று கழிப்பறை கட்டிக்கொடுத்தது இந்த மேயர்தான். “முப்பது வருஷம் அடக்கிக்கிட்டு வண்டி ஓட்டுனவனுக்குத்தான் அதோட அருமை தெரியும்” என்பார். மருமகள் எதிர்த் தரப்புக்கு வேலை செய்வதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. சாயங்காலம் இருவரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போது, “இன்னிக்கு எங்க ஆள என்ன பாடு படுத்துன?” என்று கேட்பார்.

ஒரு நாள் மேயரின் பேச்சொன்று வந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: “நான் இந்த ஊருக்கு ஒண்ணுமே செய்யலைன்னு சொல்றாங்க. சரி, பாலம் முடியலை, ஒத்துக்கறேன். ஆனா மத்ததெல்லாம் யாரு செஞ்சா?”

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினார். “செய்யலை, அதோட நிறுத்து.”

“சார், அதுக்கப்புறம் ‘ன்னு சொல்றாங்க’ன்னு இருக்கே.”

“இருக்கட்டும். நாம ஒரு வார்த்தை சேத்தோமா? அவர் வாய், அவர் குரல்.”

‘லை’யும் ‘ன்’னும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கே வெட்டினாலும் மூக்கொலி ஒன்று வாலைப் போல மிஞ்சியது. அதன்மேல் ஒரு முரசு அடியை வைத்து மூடினாள். சுத்தமாக வந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்குத் தன் கைமேல் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மேயர் கறுப்பு வெள்ளையில் மூன்று முறை “ஒண்ணுமே செய்யலை” என்றார். முடிவில் எழுத்து: ‘அவரே சொல்கிறார்.’

படம் ஒளிபரப்பான வாரம் மாமனார் வெங்காயத்தைப் பேசாமல் உரித்தார்.

“என்ன மாமா, ஒரு மாதிரி இருக்கீங்க?”

“அவர் வாயாலேயே சொல்லிட்டாரேம்மா. மத்தவங்க சொன்னா சண்டை போடலாம். அவரே சொன்னப்புறம் நான் எதப் புடிச்சுக்கிட்டு நிக்கறது? சலூன் பக்கம் போகவே வெக்கமா இருக்கு.”

கத்திரி உரிப்பதை நிறுத்தினாள். “மாமா, அவர் அப்படிச் சொல்லல.”

“என் ரெண்டு காதாலயும் கேட்டேன்.”

“வாக்கியம் அங்க முடியல மாமா. ஒண்ணுமே செய்யலைன்னு மத்தவங்க சொல்றாங்கன்னுதான் பேசினார். நான்தான் அந்த ‘ன்னு’வ வெட்டிட்டேன்.”

மாமனார் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். “இத்தனூண்டு ‘ன்னு’வையா?”

“ஆமா.”

அவர் எழுந்து கை கழுவிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. மறுநாளும் அதற்கு மறுநாளும் “சாப்பிட்டியாம்மா” என்று கேட்டார், அவ்வளவுதான். வெங்காயம் உரிக்க வரவில்லை.

கத்திரி மேயரின் பழைய பேச்சுகளையெல்லாம் மறுபடி போட்டுப் பார்த்தாள். பிறகு முதலாளியிடம் போனாள்.

“சார், அந்தப் படத்த எடுத்துடலாம்.”

“ஏன், யாராவது கேஸ் போட்டாங்களா?”

“எங்க மாமனார் நம்பிட்டார்.”

“அதுக்குத்தானே எடுத்தோம்.”

அவள் தான் புதிதாக வெட்டியதைப் போட்டுக் காட்டினாள். நிறம் போகாத மேயர். நான்கு வருஷங்களில் நான்கு கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் வேறு சட்டை, வேறு மாலை. தலையில் முடி மட்டும் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. “பாலம் அடுத்த வருஷம் முடிஞ்சிடும்” என்று நான்கு முறையும் முழுசாகச் சொல்கிறார். ஓரத்தில் தேதியும் இடமும். கடைசியில் ஆற்றின் நடுவே பாதியில் நிற்கிற பாலம், அதன் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் நாலைந்து கொக்கு. முரசு கிடையாது, உறுமல் கிடையாது.

முதலாளிக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. “ஆனா இதுல அடியே விழலையே.”

“விழுது சார். அவர் நெஜமாவே வாங்க வேண்டிய அடி.”

டாக்டரம்மா வந்து இரண்டையும் பார்த்தார். “முதல் படத்துல வர்றது அவர் சொன்னதுதானே?” என்று கேட்டார். முதலாளி விட்டத்தைப் பார்த்தார். “பாதி சொன்னது, டாக்டர்” என்றாள் கத்திரி. டாக்டரம்மா முதல் படத்தை இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு, “வெளிய தெரிஞ்சா எனக்குத்தான் அசிங்கம். எடுத்துடுங்க” என்றார்.

முதல் படத்தைத் தொலைக்காட்சியிலிருந்து எடுத்துவிட்டு, பாலம் படத்தைப் போட்டார்கள். ஆனால் ஊரார் போனிலிருந்து பழையதை யார் எடுப்பது? முரசுச் சத்தம் பஸ்ஸிலும் லிஃப்டிலும் அவள் காதில் விழுந்துகொண்டேயிருந்தது.

வீட்டில் மேயரின் முழுப் பேச்சையும் மாமனாருக்குப் போட்டுக் காட்டினாள். பிறகு பாலம் படத்தையும். இரண்டையும் பார்த்துவிட்டு அவர் தாடையைத் தடவினார். “முதல்ல போட்டது அநியாயம். இதுக்கு என்னால பதில் சொல்ல முடியாது. மனுஷன் நாலு சட்டை மாத்திட்டார், பாலம் அப்படியே நிக்குது.” பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். கத்திரிக்குக் கண் கலங்கியது. வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது.

டாக்டரம்மா கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜெயிக்க வைத்தது பாதி வாக்கியமா, நாலு சட்டையா என்று யாராலும் சொல்ல முடியாது. அலுவலகத்தில் கேக் வெட்டியபோது கத்திரி ஒரு துண்டை வெகு நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு செருப்புக் கடையில், குனிந்து ஷூ அளவு பார்த்துக்கொண்டிருந்தார் பழைய மேயர். கூட யாரும் இல்லை. அவள் நேரே போய் நின்றாள்.

“சார், ஒண்ணுமே செய்யலைன்னு வந்துச்சே, அந்த விளம்பரத்த வெட்டினது நான்தான். தப்பு பண்ணிட்டேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அதையா? அத நூறு தடவ கேட்டு, நானே அப்படிச் சொல்லியிருப்பேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா.” இன்னொரு கால் ஷூவையும் மாட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். “அந்தப் பாலம் படம்?”

“அதையும் நான்தான் சார். அதுக்கு மன்னிப்பு கேக்க மாட்டேன்.”

“கேக்காத” என்றார் அவர். பிறகு கால்களைக் காட்டினார். இடது காலில் கறுப்பு, வலது காலில் பழுப்பு. “எது நல்லா இருக்குன்னு உண்மையச் சொல்லு.”

“ரெண்டுமே நல்லா இல்ல சார்” என்றாள் கத்திரி. அவர் இரண்டையும் கழற்றிவிட்டு, கடைக்காரரிடம் வேறு எடுக்கச் சொன்னார்.