நாலாவது சங்குக்கொடி

விடிந்ததும் விடியாததுமாக ஹம்சா பால்கனிக் கம்பியருகே போய் நின்றுவிடுவாள். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, முதலில் சங்குக்கொடிகளைப் பார்த்தாக வேண்டும். எதிர்வீட்டு நீலக்கொடியின் விதைகள். நான்கு தொட்டி, நான்கு கொடி. மூன்று நீலமாகப் பூத்துவிட்டன. நாலாவது மட்டும் மொட்டை இறுக்கி மூடிக்கொண்டு அழிச்சாட்டியம் பண்ணுகிறது.

மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் தாவரவியல் டீச்சர் அவள். இப்போது பிரசவ விடுப்பு. நீலம் ஓங்கும், வெள்ளை ஒடுங்கும் என்று வருஷாவருஷம் கரும்பலகையில் கட்டம் போட்டவள். ஒடுங்கிய குணம் நீலத்துக்குள் பதுங்கியிருக்கும், தாய் தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால் வெள்ளை பூக்கும் என்பாள். "நாலுல ஒண்ணுங்கறது சராசரிதான். நாலு விதை போட்டா ஒண்ணு வெள்ளையா வந்தே தீரணும்னு சட்டமா?" என்று மாணவிகளைக் கடிந்துகொள்வாள். அப்பேர்ப்பட்டவள்தான், நாலாவதும் நீலமாகப் பூத்தால் குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்று மனசுக்குள் பந்தயம் கட்டியிருக்கிறாள். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ!

பயத்துக்குக் காரணம் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அம்பி சித்தப்பா, அவள் அப்பாவின் தம்பி. பிறவியிலேயே காது கேளாதவர், அக்கா வீட்டோடு இருக்கிறார். அந்த அக்கா விஜயலக்ஷ்மிதான் ஹம்சாவுக்கு மாமியார். சொந்தம் விட்டுப் போகக் கூடாதென்று அத்தை பிள்ளை பரத்வாஜுக்கே அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்தன்று தோன்றாத கணக்கு, வயிறு தெரியத் தொடங்கியதும் தோன்றிவிட்டது.

குழந்தை வந்த நாளிலிருந்து வீட்டில் சத்தமே கூடாது. காலிங்பெல்லைக் கழற்றியாயிற்று, பூஜை மணிக்கும் தடை. "மெதுவா பேசுங்கோ, தூங்கறா." ஊரில் இல்லாத பிள்ளையைப் பெற்றுவிட்டாள் என்று அத்தை கேலி செய்கிறாள். பின்னால் நின்று ஒருமுறை கைதட்டினால், குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று தெரிந்துவிடும். அதற்குத்தான் ஹம்சாவுக்குக் கை எழவில்லை.

இன்று அத்தை முந்திக்கொண்டாள். அவள் பூத்தட்டோடு வந்தபோது, ஹம்சா பூஜை அறை வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியாடீ, உன் கொடியில வெள்ளைச் சங்கு பூத்திருக்கு. ஸ்வாமிக்கு ரொம்ப விசேஷம். இன்னிக்காவது மணி அடிக்கறேன், முழிச்சுண்டுதானே இருக்கா."

குழந்தை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை மணியை எடுத்தாள். ஹம்சா எட்டி மணியின் நாக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.