காலிக் குப்பி குடித்த வாயு

கரிக்குள் ஹைட்ரஜனை அடைக்கிற ஆய்வகத்தில் உதவியாளர் வேலை என்றால், நாள் முழுக்க ஒரு மெஷினோடு தனியாக உட்கார்ந்து, அது வாய் திறக்கக் காத்திருப்பது. என்ன வேலை என்று வீட்டில் கேட்டால் விளக்கத் தெரியாமல் முழிக்கிற கூட்டாளிகளே, உங்களுக்குத்தான் இது.

சிரட்டை

நாளைக்கு வண்டி ஓட்ட ஹைட்ரஜன் வேண்டும். அதைப் பிடித்து வைக்கக் கரி வேண்டும். சிரட்டையைச் சுட்டு, பொட்டாசியக் காரம் என்கிற ரசாயனம் சேர்த்து மறுபடி சூடேற்றினால் கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். கடுங்குளிரில் அந்தத் துளைச் சுவர்களில் வாயு வந்து ஒட்டிக்கொள்ளும்; சூடு பட்டால் விட்டுவிடும். கோச்சடையில் ஒரு எண்ணெய்ச் செக்கில் சிரட்டை பொறுக்கிக்கொண்டே இதையெல்லாம் சொன்னேன். ஒரு வாரத்தில் நான் அதிகம் பேசியது அன்றைக்குத்தான். செக்குக்கார அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"எங்க வீட்டுக் குடத்துல ஒரு ஓட்டைன்னா அம்புட்டுச் சண்டை. நீ ஓட்டை போடுறதுக்குன்னே காலேஜுக்குப் போறியாக்கும்!"

புகை

வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மூன்று வயது மகள் உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் நாத்தனார் வீட்டில். ஆனையூரில் ஒற்றை அறையில் நான். எனக்குச் சம்பளம் தருகிற ஆய்வுத் திட்டம் மார்ச்சோடு முடிகிறது. நல்ல முடிவு காட்டி இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்துவிட்டால், பாப்பாவை இங்கேயே எல்கேஜியில் சேர்த்துவிடலாம்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து அவளோடு வீடியோவில் பேசுவேன். எதிர் நாற்காலியில் போனைச் சாய்த்து வைத்தால் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். ஒருநாள் பின்னால் திரவ நைட்ரஜன் ஊற்றிய பாத்திரத்திலிருந்து வெள்ளைப் புகை வழிந்தது. பிள்ளை பார்த்துவிட்டாள்.

"அம்மா, இட்லி வெந்துருச்சு! இறக்கும்மா, எனக்குப் பசிக்குது!"

கோடு ஏறிய நாள்

ஜனவரியில் ஒரு நாள் திரையில் கோடு ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே போனது. இதுவரை எங்கள் கரி எதுவும் இம்புட்டு வாயு பிடித்ததில்லை. சந்தோஷத்தைச் சொல்ல அறையில் ஆள் இல்லை. வீட்டுக்காரர் ஷிப்டில் இருந்தார், போன் எடுக்கவில்லை. வராந்தாவுக்கு ஓடி வாட்ச்மேன் அண்ணனிடம் மூச்சிரைக்கச் சொன்னேன்.

"நல்லதும்மா. மொதல்ல கதவைச் சாத்து, ஏசி பூரா வெளிய போகுது."

காலிக் குப்பி

ஆய்வுத் திட்டத்தை நடத்துகிற மேடம் திரையில் அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "காலிக் குப்பியை ஓட்டிப் பாத்தியா?" என்றார். நான் பார்க்கவில்லை. கரியே போடாமல் வெறும் எஃகுக் குப்பியில் ஹைட்ரஜனை ஏற்றினேன். அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு குடித்தது! மூடி வாஷரில் மயிரிழைக் கீறல். வாயு வெளியே கசிந்து அழுத்தம் குறைய, கரி பிடித்துக்கொண்டது என்று மெஷின் கணக்குப் போட்டிருக்கிறது.

நீட்டிப்பு விண்ணப்பம் அந்த வாரம்தான் போக வேண்டும். அறையில் நான் மட்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் காலிக் குப்பியின் பதிவு அழிந்துவிடும்; அதில் ஒன்றும் ஏறவில்லை என்று மேடத்திடம் சொல்லிவிடலாம். விரல் அந்தப் பொத்தான் மேல் கொஞ்ச நேரம் இருந்தது, மறைக்க மாட்டேன். அப்புறம் இரண்டு கோட்டையும் ஒரே தாளில் அச்செடுத்து மேடம் மேசையில் வைத்தேன். "வாஷரை மாத்திட்டு மறுபடி ஓட்டு. ஆனா நீட்டிப்பு கிடைக்கும்னு இனி நான் சொல்ல முடியாது" என்றார்.

புது வாஷரில் இந்தக் கரியும் எங்கள் பழைய கரிகள் அளவுக்குத்தான் வாயு பிடித்தது. அன்று சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப இங்கனயே பள்ளிக்கூடத்துல பாப்பா பேரைக் குடுத்துரவா மதினி?"

எங்கள் தொழிலில், ஒன்றுமில்லை என்பதைக்கூட அளந்து பார்த்த பிறகுதான் நம்ப வேண்டியிருக்கிறது.