அந்த இணைப்பைத் திறந்தது என் விரல்

வைரஸை உள்ளே விட்டது நான்தான். முருகேசன் இல்லை.

என் பெயர் கோமதி. குற்றாலத்தில் ஐந்தருவி போகும் சாலையில் உள்ள ஒரு லாட்ஜில் மேலாளர். இது நடந்த அன்று நான் மேலாளர் இல்லை. அறைப் பதிவைக் கவனிப்பவள். ஆனால் கணினி என்றால் அங்கே என் சொல்தான் சட்டம். “தெரியாத மெயிலைத் தொடாதீங்க” என்று எல்லோருக்கும் பாடம் நடத்தியவளும் நான்தான். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்!

சீசன் உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை. எல்லா அறைகளும் பதிவாகியிருந்தன. காலையில் ஒரு மெயில் வந்தது. ‘உங்கள் கணினியில் வைரஸ் புகுந்திருக்கிறது. அதை நீக்கும் கருவி இணைப்பில் உள்ளது. ஆன்டிவைரஸ் தடுக்கும், சற்று நேரம் அதை அணைத்துவையுங்கள்.’

அணைத்தேன்... என் கையாலேயே அணைத்தேன்! இணைப்பைத் திறந்தபோது கணினி இரண்டு முறை எச்சரித்தது. இரண்டு முறையும் ‘சரி’ என்று அழுத்தினேன். அலட்சியத்தால் இல்லை, லாட்ஜைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமிதத்தால்! அந்தத் திருடனுக்கு என்னைப் போன்றவர்களை எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது...

தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு கோப்பும் திறக்கவில்லை. பணம் கேட்டு மிரட்டும் வாசகம் மட்டும் திரையில் நின்றது. யாருக்கு எந்த அறை என்பதே தெரியாமல் போயிற்று. மதியத்திலிருந்து வண்டி வண்டியாக ஆட்கள் வருவார்கள்!

முதலாளி அண்ணாச்சி ஓடி வந்தார். அவர் கண் நேராக முருகேசன்மேல் விழுந்தது. இரவு வரவேற்பில் இருக்கும் முருகேசனுக்கு சினிமாப் பைத்தியம்.

“ஏலே, நீதானலே படம் இறக்குதேன்னு கண்டதையும் தட்டிக்கிட்டு இருப்பே?”

முருகேசன் முகம் வெளுத்தது. “ஆமா அண்ணாச்சி... நேத்து ஒண்ணு இறக்குனேன்.”

அந்தக் கணத்தில் ஒரு வார்த்தை போதும். ‘நான்’ என்ற ஒரே வார்த்தை! என் வாய் திறந்தது. ஆனால் வந்தது வேறு.

“அத அப்புறம் பாக்கலாம் அண்ணாச்சி. மொதல்ல ஆளுங்கள உக்கார வைக்கணும். என்கிட்ட விடுங்க.”

பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். அதையும் மறைக்க மாட்டேன்!

கணக்குப் பார்க்கும் கணினிக்குப் போன வயரைப் பிடுங்கினேன், அது தப்பியது. லாட்ஜின் கைபேசியிலிருந்து விருந்தினர்களுக்கு அனுப்பியிருந்த செய்திகளைத் தோண்டினேன். சாப்பாட்டுக் கூடத்தில் இட்லி, பூரி எழுதியிருந்த கரும்பலகையைத் துடைத்துவிட்டு, அதில் மாடிவாரியாகக் கட்டம் போட்டேன். ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டு, கட்டத்தில் பெயரை எழுதினேன். தொண்டை கட்டியது. சாக்பீஸ் தூள் கண்ணிலெல்லாம் அப்பியது. ஒரே அறைக்கு இரு குடும்பங்கள் வந்து நின்றபோது, தென்காசியில் தெரிந்த லாட்ஜுக்குப் பேசி, நல்ல அறையாக வாங்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் விளக்குப் போடும்போது வாசலில் ஒருவர்கூட நிற்கவில்லை. எல்லோரும் தலை துவட்டிக்கொண்டு காபி கேட்டார்கள்! திருடனுக்கு ஒரு பைசா போகவில்லை. மெக்கானிக் கணினியை மொத்தமாக அழித்துப் புதிதாக்கினார். நான் திறந்த அந்த மெயிலின் தடயமும் அதோடு போயிற்று.

“இவ இல்லன்னா இந்த சீசன் போயிருக்கும்வே!” என்று அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் சொன்னார். கை தட்டினார்கள். ஆகா, அந்தச் சத்தம்! உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் ஜெயித்தேன்... உண்மையாகவே ஜெயித்தேன். இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. என் குற்றத்திலேயே எனக்குப் புரியாத பகுதி இதுதான். வெட்கம் ஏன் அந்த மகிழ்ச்சியைத் தொடவே இல்லை?

கை தட்டியவர்களில் முருகேசனும் இருந்தான். அப்புறம் தனியாக வந்து சொன்னான்: “அக்கா, நான் கெடுத்தத நீங்க காப்பாத்திட்டீங்க. இல்லன்னா என் வேலையே போயிருக்கும்.”

வேலை போகவில்லை. ஆனால் வரவேற்பிலிருந்து எடுத்து, பெட்டி தூக்கவும் வெந்நீர்க் கொதிகலன் பார்க்கவும் விட்டார்கள். எனக்கு மேலாளர் நாற்காலி வந்தது.

போன வாரம் நானே துணிந்து அண்ணாச்சியிடம் பேசி, அவனை மறுபடி வரவேற்பில் உட்கார வைக்கச் சம்மதம் வாங்கினேன். எனக்குள் ஒரு கணக்கு... இதோடு தீர்ந்துவிடும் என்று. மகிழ்ச்சியோடு போய்ச் சொன்னேன்.

முருகேசன் தலையை ஆட்டினான். “வேண்டாம்க்கா. கம்ப்யூட்டர தொடவே பயமா இருக்கு. என் கை சரியில்ல. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்.”

‘உன் கை இல்லை முருகேசா’ என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. பக்கத்தில் யாருமே இல்லை.

“சரி, உன் இஷ்டம்” என்றேன்.